சாக்பீஸ் கோடும் கிராங்க் ஷாஃப்டும்

அன்பு மகனுக்கு, அம்மா எழுதுவது. இங்கே மூவரும் சுகம். என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முகம் சுளிக்கிறது, மற்றபடி குறையில்லை. உனக்கும் இருமல் விட்டிருக்கும், வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பி எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நீ பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்துவிடுவாய், இது முழுதாகக் கேட்க வேண்டிய கதை.

உன் தங்கை உனக்குக் கொடுத்த வாக்கு நினைவிருக்கும். பல் டாக்டரின் ரேஸ் காருக்கு அவள் தனியாகக் கட்டும் முதல் எஞ்சின் சரியாக ஓடாவிட்டால், ஷெட்டைப் பூட்டிவிட்டு நீ பார்த்து வைத்த ஆபீஸ் வேலைக்கே வந்துவிடுகிறேன் என்றாளே, அந்த எஞ்சின்தான். அதன் கிராங்க் ஷாஃப்டை, அதாவது பிஸ்டன்கள் ஏறி இறங்குவதைச் சுழற்சியாக மாற்றும் அந்தத் தண்டை, லேத் பட்டறையில் கொடுத்து எடை குறைத்திருந்தாள். புத்தகப் பையோடு ஓடும் பிள்ளையையும் பையை இறக்கிவிட்டு ஓடும் பிள்ளையையும் நினைத்துக்கொள், யார் சட்டென்று வேகம் எடுப்பார்கள்? அதுதான் விஷயம். டாக்டருக்கு ஆசை விடவில்லை, இன்னும் கொஞ்சம் சீவலாமே என்றார். "பல்லை இன்னும் கொஞ்சம் ராவிக்கிட்டே போனா என்ன ஆகும் டாக்டர்?" என்று இவள் கேட்டதும் வாயை மூடிக்கொண்டார்.

குறைத்தால் மட்டும் போதாதாம், சமன் செய்ய வேண்டுமாம். வாஷிங் மெஷினில் கனமான போர்வை ஒன்றை மட்டும் போட்டால் குதித்துக் குதித்து நடுக்கூடத்துக்கே வந்துவிடுமே, அப்படித்தான் எஞ்சினும் ஆடும். இதற்கென்று இருக்கும் பட்டறைக்காரரை எல்லோரும் அரைகிராம் என்றே கூப்பிடுகிறார்கள், அரை கிராம் பிசகினாலும் விடமாட்டார். அவர் தண்டின் முனையில் ஃப்ளைவீல் என்கிற கனத்த சக்கரத்தையும் மாட்டி, இரண்டையும் சேர்த்தே சுழற்றி, கனமான பக்கத்தில் சின்னச் சின்னத் துளை போட்டு ஆட்டத்தை அடக்கினார். அந்தச் சக்கரம் ஆறு போல்ட்டில் நிற்பது, ஆறு விதமாகவும் உட்காரும், ஆனால் அவர் மாட்டிய விதத்தில் உட்கார்ந்தால்தான் கணக்கு சரி. அதனால் இரண்டையும் தொட்டு ஒரு சாக்பீஸ் கோடு போட்டு, "வீட்டுக்குப் போனதும் பஞ்ச் வெச்சு ஒரு அடி அடிச்சு இரும்புலயே குழியா அடையாளம் பண்ணிடும்மா, சாக்பீஸை நம்பாதே" என்று சொல்லி அனுப்பினார். வந்தாள், சக்கரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தாள், பசி, சாப்பிட உள்ளே வந்தாள்.

அதற்குள் உன் அப்பா உதவிக்குப் போய்விட்டார். நானும் அவரைப் போலப் பள்ளிக்கூடத்தில்தான் காலம் தள்ளினேன், ஆனால் சாக்பீஸைக் கண்டால் துடைக்கக் கை துறுதுறுப்பது அவருக்குத்தான். மண்ணெண்ணெய்த் துணியால் இரண்டையும் பளபளவென்று துடைத்துவிட்டு, "வந்து பாரு, கண்ணாடி மாதிரி இருக்கு!" என்று கூப்பிடுகிறார். இவள் வந்து பார்த்தாள். "அப்பா, கோடு எங்கப்பா?" "எந்தக் கோடு?" கேட்டுவிட்டுக் கையிலிருந்த துணியைப் பார்த்தார். இவள் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்துவிட்டாள். மூன்றாம் நாள் ரேஸ். நான் நேராக உன் ஆபீஸ் வேலையைத்தான் நினைத்தேன். பிறகு அவளே எழுந்து, "கோடுதானேப்பா போச்சு, எடை அங்கேயேதான் இருக்கு. மெஷின்ல போட்டா தானாக் காட்டிக் கொடுத்துடும், கிளம்புங்க" என்றாள்.

அரைகிராம் ஊருக்குக் கிளம்பி ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார். அப்பா சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவிலிருந்தே, "தப்பு என்னோடது, அவளைத் திட்டாதீங்க" என்றாராம். அரைகிராம் விழுந்து விழுந்து சிரித்து, "போர்டைத் துடைக்கிற வாத்தியாரைப் பாத்திருக்கேன் சார், ஃப்ளைவீலைத் துடைக்கிற வாத்தியாரை இப்பத்தான் பாக்குறேன்" என்று ஷட்டரை மறுபடி தூக்கினார். ஒவ்வொரு விதமாக மாட்டிச் சுழற்றினார்கள். முதலில் ஆடியது, திருப்பி மாட்டினால் அதைவிட ஆடியது, நான்காவதில் மெஷின் முள் அசையாமல் நின்றது. பஞ்சையும் சுத்தியலையும் அப்பா கையிலேயே கொடுத்து, "நீங்களே அடிங்க சார், இதை எந்தத் துணியும் ஒண்ணும் பண்ணாது" என்றாராம். அடித்த அடி தெருமுனைக்குக் கேட்டிருக்கும்.

ரேஸில் டாக்டர் நான்காவதாக வந்தார். நான்காவதுக்குக் கோப்பை கிடையாது. ஆனாலும் ஹெல்மெட்டைக் கழற்றியதும் அவர் சொன்னது இது: "முன்னாடியெல்லாம் எஞ்சின் ஆடுற ஆட்டத்துல கண்ணாடியில பாத்தா பின்னாடி வர்ற வண்டி நாலு வண்டியாத் தெரியும்மா. இன்னிக்குத்தான் ஒரே வண்டியாத் தெரிஞ்சுது." பக்கத்தில் நின்ற இரண்டாவதாக வந்தவர் அதைக் கேட்டுவிட்டு, மறுநாளே தன் எஞ்சினைக் கொண்டுவந்து ஷெட்டில் இறக்கிவிட்டார்.

அவளுக்காக நீ ஒரு அறையை ஒழித்து, கட்டில்கூட வாங்கிப் போட்டிருப்பதாகச் சொன்னாய். அவள் வரமாட்டாள், கண்ணா. கட்டிலை விற்றுவிடாதே, குளிர் குறைந்ததும் அப்பாவும் நானும் வந்து கொஞ்ச நாள் இருக்கிறோம். இருமல் மருந்தைப் பாட்டில் முடியும்வரை குடி. அப்பாவைக் கேலி செய்யத்தான் போகிறாய், அதற்கு முன்னால் தங்கையிடம் இரண்டு நல்ல வார்த்தை பேசு, உன் வாயால் கேட்கக் காத்திருக்கிறாள். நீ நோய்நொடியில்லாமல் நீண்ட நாள் நிறைவாக இருக்க வேண்டும்.

என்றும் உன் நினைவாக,
அம்மா