எருமை என்று எழுதிய சீட்டு

இன்று காலை என் பால்கனிக்கு எதிரே ஒரு கயிறு இறங்கியது. நுனியில் துணிக் கிளிப்பு, அதற்கு மேலே சின்ன மணி. உன் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவள், கீழே நின்ற மொகிங்கா நூடுல்ஸ்காரியிடம் காலைச் சாப்பாட்டுக்காக இறக்கியிருக்கிறாள். மணி ஆடியதும் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன், நீதான் ஏதோ எழுதி அனுப்பியிருக்கிறாய் என்று. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற பிறகுதான் நீ போய் முப்பது நாள் ஆகிவிட்டது ஞாபகம் வந்தது.

எங்கள் பசுந்தாங் பேட்டையில் எல்லா மாடிக்கும் கயிறு உண்டு. தெருவிலிருந்து பேப்பரும் சாவியும் அதில் ஏறிப் போகும். ஆனால் தெருவுக்குப் போகாமல் பாதியில், என் இரண்டாம் மாடியில், நின்றுவிடுகிற கயிறு உன்னுடையது ஒன்றுதான். நான் கோயில் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரை போனவள். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், பர்மிய எழுத்து வராது. நீயோ படையின் ஆள் பதிவு ஆபீசில் பகலெல்லாம் பர்மிய மொழியில் தட்டச்சு அடித்துவிட்டு, நாலாம் மாடிக்கு ஏறியதும் எனக்குத் தமிழில் சீட்டு எழுதுவாய். 'அக்கா, நாளைக்குத் தண்ணீர் வராது, பிடித்து வை.' 'அக்கா, மீன் குழம்பில் உப்புத் தூக்கல்.' ஒன்றைக்கூட நான் எறிந்ததில்லை. நான் எதையும் எறிகிறவள் இல்லை, கோபத்தைக்கூட.

அந்தச் சீட்டும் அப்படித்தான் வந்தது. என் மகள் போன பிறகு நான் வளர்த்த பேரன் செல்வம், விமானப்படையில் சேர்ந்து நாலாவது வருஷம் அது. அவன் அப்பா பர்மாக்காரர், அதனால்தான் அங்கே எடுத்தார்கள். பத்து வருஷம் ஓட்டிவிட்டு வந்துவிடுவேன் என்று சாமி விளக்கைத் தொட்டு எனக்குச் சொல்லிவிட்டுத்தான் போனான். நாலாவது வருஷம், பெரிய விமானம் ஓட்டப் படிக்க வா என்று கூப்பிட்டார்கள். படித்தால் அதற்காக ஆறு வருஷம் வேலை செய்ய வேண்டும். அந்த ஆறு, பத்துக்கு உள்ளேயா, பத்துக்கு மேலேயா? அவன் போனில் என்னைக் கேட்டான். நான் உன்னைக் கேட்டேன். மணி ஆடியது.

'அக்கா, செல்வம் தைரியமாகக் கையெழுத்துப் போடட்டும். ஆறு வருஷமும் பத்துக்குள்ளேயே ஓடிவிடும். மேற்கொண்டு ஒரு நாளும் கூடாது. எங்கள் போஜி இன்றைக்கும் மத்தியானம் மேஜைமேல் குறட்டை. எருமைக்குச் சட்டை மாட்டி நாற்காலியில் உட்கார வைத்த மாதிரி.'

அதிகாரிகளை நாம் போஜி என்றுதானே கூப்பிடுகிறோம். உன் போஜியை நினைத்துச் சிரித்துக்கொண்டே சீட்டை அரிசி டின்னில் போட்டேன். செல்வம் கையெழுத்துப் போட்டான்.

பத்து முடிந்தது. வெளியே விடுங்கள் என்று எழுதிக் கொடுத்தான். ஆறு வருஷம் இனிமேல்தான் தொடங்குகிறது என்று பதில் வந்தது. "இன்னும் ஆறு, ஆயா" என்றான் போனில். அவன் சேர்ந்த காலம் வேறு. இப்போது அவன் போகிற இடமெல்லாம் கீழேயிருந்து சுடுகிறார்கள். அரிசி மூட்டை ஏற்றிப் போகிறேன், அடிபட்டவர்களை ஏற்றி வருகிறேன் என்கிறான். வேறு என்ன ஏற்றுகிறாய் என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயம். லீவில் வந்தால் சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்கிறான், வாய்க்குப் போவதில்லை.

அந்தப் பதில் வந்த அன்று உன் வீட்டுக்கு ஏறிவந்து நான் போட்ட சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும்.

"அடியே, நீ எழுதிக் குடுத்ததை நம்பித்தானே புள்ள கையெழுத்துப் போட்டான்!"

நீ ஓய்வு பெற்று, சிறுநீரகம் கெட்டு, வீங்கின காலை முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாய். "உத்தரவு அப்பவே மாறிப்போச்சு அக்கா. புதுக் காகிதம் வந்திருக்கு, நான் பாக்கல. பழைய பைலைப் பாத்துட்டு எழுதிட்டேன்."

"முப்பது வருஷம் அந்த ஆபீஸ்ல எதுக்குக் குந்தியிருந்தே? நாற்காலியைத் தேய்க்கவா?"

"தப்புதான் அக்கா."

ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். நீ ஒப்புக்கொண்டுவிட்டாய். கீழே வந்து, என் பால்கனியில் தொங்கிய உன் கயிற்றைக் கத்தரியால் வெட்டினேன். மூன்று மாதம் படியில் உன்னைக் கண்டால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

பிறகு செல்வம் லீவில் வந்து சொன்னான்: ஆள் பதிவு ஆபீஸ்காரர்களே தப்பாகச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று எழுத்தில் காட்டினால் மனுப்போடலாம். "மாடி ஆயா எழுதின சீட்டு இருக்கா?" டின்னிலிருந்து எடுத்து, அவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாததால் நானே படித்தேன். எருமையையும் படித்த பிறகுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது. உன் எருமை இப்போது பதவி உயர்ந்து பெரிய போஜி. மனு முதலில் போகிற மேஜையே அவனுடையதுதான்.

"அடிப்பக்கத்தைக் கத்தரிச்சிடலாமா ஆயா?"

"கத்தரிச்ச காகிதத்தை எவன் நம்புவான்?"

ஒரு வார்த்தைக்காக ஆள் காணாமல் போகிற காலம் இது. கொடுத்தால் உன் பென்ஷன் போகும், அதோடு நீயும் போகலாம். கொடுக்காவிட்டால் அவனுக்கு ஆறு வருஷம். அந்தச் சீட்டை மறுபடியும் அரிசி டின்னிலேயே போட்டு மூடினேன்.

மறுநாள் படியில் உன் காலடி கேட்டது. ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாய். கதவைத் திறந்துவிட்டேன்.

"செல்வம் மேல வந்து சொன்னான். சீட்டை எடு. முழுசாக் குடுப்போம். நானே படிச்சுக் காட்டுறேன்."

"உன் பென்ஷன்?"

"இந்தக் காலைப் பாத்தியா? இதை வச்சுக்கிட்டு இன்னும் எத்தனை வருஷம் வாங்கப்போறேன்?"

"படிக்கும்போது எருமையை மட்டும் விட்டுடுடி. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"சரி" என்றாய். நான் காதால் கேட்டேன்.

ஊரைச் சுற்றி ஓடும் வட்ட ரயிலில் அந்த ஆபீசுக்குப் போனோம். நீ ஆபீஸ் போகிற வெள்ளை ரவிக்கையும் கறுப்பு லுங்கியும் கட்டியிருந்தாய். இன்சீன் ஸ்டேஷனில் கூடைக்காரியிடம் காடை முட்டை வாங்கி ஒவ்வொன்றாக உரித்துத் தின்றாய். எனக்கு நீட்டியதை நான் வாங்கவில்லை.

"பயமா இல்லையாடி உனக்கு?"

"இருக்கு. அதான் திங்கிறேன்."

போஜியின் அறையில் காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. போஜி உன்னை அடையாளம் கண்டு, "சயாமா, காலுக்கு என்ன?" என்று பர்மிய மொழியில் மரியாதையாகவே கேட்டான். நீ உட்காரவில்லை. நின்றபடியே தமிழ் வரியைப் பார்த்துப் பர்மிய மொழியில் சொல்லிக்கொண்டே போனாய். பேச்சு எனக்குப் புரியுமே. 'மேற்கொண்டு ஒரு நாளும் கூடாது' வந்தது. அதோடு சீட்டை மடித்துவிடுவாய் என்று பார்த்தேன். நீ மடிக்கவில்லை. குறட்டையைச் சொன்னாய். சட்டையைச் சொன்னாய். எருமையையும் சொன்னாய். மூலையில் தட்டச்சு அடித்துக்கொண்டிருந்தவன் கையை எடுத்துவிட்டான். எனக்கு நின்ற இடத்திலேயே லுங்கி நனைந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உனக்குத் தெரியும். ரயிலில் உன் துண்டை எடுத்து, வேறெங்கோ பார்த்துக்கொண்டு, என் மடியில் போட்டாயே.

போஜி பேனாவைக் கீழே வைத்தான். "குறட்டை விட்டேனா?"

"விட்டீங்க, போஜி."

சீட்டை வாங்கி மேஜை இழுப்பறைக்குள் வைத்தான். போங்கள் என்று கையைக் காட்டினான்.

ரயில் கிளம்பியதும் உன் மேல் பாய்ந்தேன். "சரின்னு சொல்லிட்டு வந்து கழுத்தை அறுத்துட்டியேடி பாவி!"

நீ சன்னல் பக்கம் சாய்ந்திருந்தாய். "அக்கா, கள்ளச் சீட்டு எழுதுறவ, தீர்ப்புச் சொல்றவனையே எருமைன்னு எழுதுவாளா? மத்த வரியெல்லாம் நேத்து உக்காந்து எழுதினதுன்னு சொல்லிடுவான். அந்த ஒரு வரியை அப்படிச் சொல்ல முடியாது."

நான் நம்பவில்லை. தைரியத்துக்காகச் சொல்கிறாய் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு படியில் பூட்ஸ் சத்தம் கேட்டாலே சமையலறைக்குள் ஓடி அடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றுகொள்வேன். நீ மட்டும் உன் வீட்டில் நிம்மதியாகக் கிடக்கிறாய் என்று அதற்கும் உன்மேல் ஒரு கோபம். மூன்றாவது வாரம் உன் உடம்பே உன்னைக் கொண்டுபோய்விட்டது. தாகேதாவிலிருந்து உன் தம்பி மகன் வந்து கொள்ளி வைத்தான். அன்றுதான் உன் கதவுக்குப் பின்னால் அந்தப் பையைப் பார்த்தேன். இரண்டு ரவிக்கை, பல் பிரஷ், சிறுநீரக மாத்திரை, ஒரு போர்வை. அவர்கள் வந்து கூப்பிட்டால் எடுத்துக்கொண்டு கிளம்பத் தயாராகக் கட்டி வைத்திருக்கிறாய். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நீ போய்ப் பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. தப்பாகச் சொல்லிக் கொடுத்தது நிஜம், ஆறு வருஷம் கிடையாது, தீபாவளிக்கு முன்னால் விடுகிறோம். ஏன் ஒப்புக்கொண்டார்கள் என்று காகிதத்தில் இல்லை. நீ ரயிலில் சொன்னதுதான் காரணம் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் தீபாவளிக்கு இன்னும் நாற்பத்து மூன்று நாள் இருக்கிறது. விடுகிற நாள்வரை அவன் பறக்க வேண்டும். கடைசி நாட்களில்தான் ஏதாவது நடக்கும் என்று எனக்குப் பயம். நீ செத்ததை அவனிடம் நான் சொல்லவில்லை. கண்ணில் தண்ணீரோடு எப்படி ஓட்டுவான்? தெருவிலும் எல்லோர் வாயையும் கட்டி வைத்திருக்கிறேன். நேற்றும் போன் செய்தான்.

"மாடி ஆயாகிட்ட குடுங்க ஆயா, ஒரு வார்த்தை சொல்லணும்."

"தூங்குறா."

"எப்பக் கேட்டாலும் தூங்குறாங்களே?"

"மாத்திரை அப்படி. நீ வந்து நேர்ல சொல்லு."

கொஞ்ச நேரம் அவன் பேசவில்லை. புரிந்துவிட்டதோ என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். பிறகு, "சரி, எழுப்பாதீங்க" என்றான்.

அதனால் இந்த வீட்டைப் பொறுத்தவரை நீ இன்னும் சாகவில்லை. நாற்பத்து மூன்று நாளும் நீ மாடியில் தூங்கிக்கொண்டுதான் இருக்க வேண்டும். நான் ஒப்பாரிகூட வைக்காமல் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். அவன் அந்தச் சட்டையைக் கழற்றிவிட்டுப் படியேறி வரட்டும். இரண்டு பேருமாகச் சேர்ந்து உன்னை அழுகிறோம்.