தூணை மாற்றச் சொன்னவள்

செவ்வாய், இரவு

விளையாட்டு அரங்கத்துக்காகச் செஞ்சியின் போர் நினைவுத்தூணை இடம் மாற்றலாமா என்று இன்றைய கூட்டத்தில் இரு கட்சியினரும் மோதிக்கொண்டார்கள். கூடாது என்று நானும் சட்டமெல்லாம் பேசினேன். பிறகு, தூணில் பெயருள்ள சேகரின் மனைவி மல்லிகா எழுந்தாள்.

"அரங்கத்துக்குள்ளயே வச்சிடுங்க சார். அவருக்கு வாலிபால்னா சோறே வேணாம். பசங்க ஆடறத பாத்துக்கினு இருக்கட்டும்."

எல்லோரும் கைதட்டினார்கள். 'அவரு' என்று அவள் சொன்னதே எனக்கு எரிந்தது.

வெளியே வந்து, "டீச்சரம்மா, உங்களுக்கு இன்னா இவ்ளோ அக்கறை?" என்றாள். ஊர் வரலாறுதானே என்றேன்.

கல்லூரியில் அவன் ஆடிய ஒரு ஆட்டத்தையும் நான் விட்டதில்லை. அது அவனுக்கே தெரியாது. தூணைக் கொடுக்க அவளுக்கு உரிமை இருக்கிறது. எனக்கு இருந்தது தினமும் பேருந்து ஜன்னல் வழியே ஒரு பார்வை. அரங்கத்துக்குச் சுற்றுச்சுவர் வருமாம்.