கழிவு கலக்காத கண்ணாடி

என் செல்ல மகளுக்கு,

அலுத்துப்போன உன் அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் ஏதோ இருக்கிறோம். தையல் ஆறிவிட்டதா? பாப்பா உன்னைத் தூங்க விடுகிறாளா? போனில் எதைக் கேட்டாலும் "ம்" என்கிறாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

இங்கே உலைக்கு ஓய்வே இல்லை. பழைய தொட்டிகளில் கிடக்கும் வீரியம் குறைந்த கதிர்வீச்சுக் கழிவை மணலோடு உருக்கி, கண்ணாடியாக்கி, எஃகுப் பெட்டியில் ஊற்றுகிறோம். இறுகிவிட்டால் நிலத்தில் கசியாது. செலவும் குறைவாம். அதனால் இத்தனை வருடம் மூடி வைத்ததையெல்லாம் எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். உலை ஆறினால் உள்ளேயே இறுகிப் பாழாகிவிடும் என்று ஆள் மாற்றி ஆள் நிற்கிறோம். இடுப்பு விட்டுப்போகிறது. அப்பா வேறு, "அந்த உலையைக் கவனிக்கிறதுல பாதி என்னைக் கவனிச்சிருந்தா நான் எங்கேயோ போயிருப்பேன்" என்று கேலி செய்கிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பாப்பாவுக்கு நான் அனுப்பிய கண்ணாடி வில்லையை உன் மாமியார் இடுக்கியால் எடுத்து, தோட்டத்துக் கோடியில் புதைத்தாராமே? மாப்பிள்ளை சொன்னார். முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை. அடி பைத்தியமே, அது கழிவே சேர்க்காமல் வெறும் மணலை உருக்கிப் பார்த்த சோதனை நாளில் வார்த்தது. என் உலையின் முதல் கண்ணாடி. ஆளுக்கொன்று ஆசையாக எடுத்துக்கொண்டோம். எங்களில் யாருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. உங்களுக்கு விளக்க வேண்டும் என்று இந்த மண்டைக்கு உறைக்கவில்லை.

சம்பந்தியம்மா மேல் கோபமில்லை. பச்சைக் குழந்தை இருக்கிற வீடு, நானும் பயந்திருப்பேன். ஆனால் "இப்போதைக்கு வர வேண்டாம்மா" என்று நீ சொன்னாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை. தினமும் வேலை முடிந்ததும் ஒரு எந்திரம் எங்களை உச்சி முதல் உள்ளங்கால் வரை சோதிக்கும். பச்சை விளக்கு எரிந்தால்தான் வெளியே விடுவார்கள். எனக்கு ஒருநாளும் சிவப்பு எரிந்ததில்லை.

லீவு கிடைத்துவிட்டது. அடுத்த வாரம் வருகிறேன். நீங்களாகக் கொடுக்காமல் பாப்பாவைத் தொட மாட்டேன். வாசலுக்குள் வர வேண்டாம் என்றாலும் சரி, நீ அவளைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் வா. தெருவில் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன்.

நீயும் அவளும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும். அன்றைக்குத் திரையை மட்டும் இழுத்து விட்டுவிடாதே, கண்ணு.

உன்
அம்மா