ஏர்கூலருக்குக் கீழே உட்கார்ந்தவனுக்கு

நண்பா,

நேற்று பக்கத்து வீட்டில் மாட்டுக்கு இறக்கிய வைக்கோல் மழையில் நனைந்து கிடந்தது. அந்த ஈர வாடை மூக்கில் ஏறியதும், செவிலிமேட்டு வீட்டின் பின்னறையும் அதில் நான் வளர்த்த காளானும் நினைவுக்கு வந்தன. கூடவே நீயும்.

தொண்ணூறுகளின் கடைசி. இரண்டு நாள் முகாமில் சிப்பிக்காளான் வளர்ப்பு கற்று, மூன்றாம் நாளே நான் விஞ்ஞானி ஆகியிருந்தேன். பின்னறைக்குள் பிளாஸ்டிக் குழாய்களை நிறுத்தி, பாலித்தீன் தாள் போர்த்தி ஒரு கூடாரம். வைக்கோல் அடைத்த காளான் பைகள் அதில் வரிசையாகத் தொங்கின. வெயில் ஏறியதும், உள்ளே குளிர்ச்சி வேண்டுமென்று, தண்ணீர் நிரப்பிய இரும்பு ஏர்கூலரையும் அதே குழாய்களின் மேல் ஏற்றினேன். உள்ளே பைகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த என் மனைவி, அடுப்பில் பால் பொங்கியதால் வெளியே ஓடினாள். அவள் நின்ற இடத்தில் கூலர் விழுந்தது.

மறுநாள் உன்னைக் கூட்டிவந்தேன். பட்டுத்தறிகளுக்கு மேலே, சேலையில் பூவேலை விழவைக்கும் ஜக்கார்டு பெட்டி ஏற்றுவது உன் தொழில். அத்தனை கனமும் நாள் முழுக்க ஆடினாலும், கீழே ஒருவர் நிம்மதியாக நெய்வார்.

"இன்னும் நாலு குழாய் குறுக்கால கட்டினா நிக்கும்ல?" என்றேன்.

"இன்னாபா நீ! சட்டை ஜோபியில அம்மிக்கல்ல வெச்சுக்கினு, ஜோபிக்கு இன்னொரு தையல் போடச் சொல்ற. கூடாரம் சட்டைபா. கனத்தைத் தரை தாங்கணும்."

"நல்லா கேளுங்கண்ணா," என்றாள் என் மனைவி. "வேணும்னா அந்த முகாம் சர்ட்டிபிகேட்டைத் தூணா நட்டுடலாம்."

கூடாரத்துக்கு வெளியே நான்கு மூலையிலும் கருங்கல் வைத்து, சவுக்குக் கம்பங்களை நிறுத்தி, மேலே சட்டம் பூட்டினாய். ஆட்டம் நிற்கச் சாய்வுக் கட்டைகள் அடித்தாய். கூலருக்கு அடியில் சைக்கிள் டியூபை வெட்டி வைத்தாய். அதிர்வு கம்பத்துக்கு இறங்கக் கூடாதாம். காளான் பைகளும் அந்தச் சட்டத்துக்கே மாறின. என் குழாய்களுக்கு மிஞ்சியது பாலித்தீன் தாள் மட்டும்தான்.

உள்ளே நுழையப் போன என் மனைவியை, "இரும்மா" என்று நிறுத்தினாய். கூலருக்கு நேர் கீழே போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்தாய். "ஓட வுடுப்பா" என்றாய். டீ கேட்டு வாங்கிக் குடித்தாய். பிறகுதான் வாசற்படிக்கு வெளியே நின்ற என்னைப் பார்த்தாய்.

"நீ ஏம்பா அங்க நிக்கிற?"

"காத்து வருதான்னு பாக்கறேன்."

"அது உள்ளதான்பா வரும்."

என் மனைவி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

"பெட்டிய ஏத்துனவன்தான் மொதல்ல கீழ உக்காரணும். அப்பாலதான் நெய்யறவங்களைக் கூப்புடுவோம்," என்றாய். ஒவ்வொரு தறியிலும் நீ அப்படித்தானாம். வெட்கத்தோடு வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தேன், கண்ணை மூடிக்கொண்டுதான். அதன்பிறகே அவளை உள்ளே விட்டாய்.

காளான் இரண்டே வருடத்தில் படுத்துவிட்டது. அது என் கைராசி. நீ கட்டியது கடைசி வரை இம்மியும் அசையவில்லை.

நீ போய் ஆறு வருடமாகிறது. போன மாதம் மகள் வீட்டில், பேத்திக்குத் தூளி கட்டப் புதுக் கொக்கி மாட்டினேன். மாட்டிய கையோடு அதில் நானே தொங்கினேன், எண்பத்தாறு கிலோவும்.

"அப்பா, வயசுக்கு ஏத்தமாதிரி நடந்துக்கோங்கப்பா!" என்று மகள் கத்தினாள்.

இருபது எண்ணும்வரை இறங்கவில்லை. பிறகுதான் பிள்ளையைக் கொண்டுவரச் சொன்னேன்.