எட்டு நாள் லீவு

கோத்தகிரி,
11.6.2001, திங்கள், காலை மணி 9.40.
பிள்ளைகள் பதினான்கு. வெளிநாட்டு மாணவர்கள் இரண்டு. பெரியவர்கள் பூஜ்யம்.

வாசுகி அக்காவுக்கு, தினகரன் எழுதுவது.

நலம். மேலே உள்ள கணக்கு எங்கள் எஸ்டேட் பிள்ளைக்காம்பராவில் இன்று எடுத்தது. தேயிலை விலை விழுந்ததிலிருந்து ஃபேக்டரி வாரத்துக்கு மூன்று நாள்தான் ஓடுகிறது. மெஷின் ஓடாத நாளில் மெக்கானிக்குக் கூலி எதற்கு என்று யோசித்த மேனேஜர், இங்கிலீஷ் தெரியும் என்பதற்காக என்னை இந்த இரண்டு பேருக்குத் துணையாகப் போட்டுவிட்டார். டென்மார்க்கிலிருந்து ஹன்னே என்ற பெண், கென்யாவிலிருந்து கிப்ரோனோ என்ற பையன். இரண்டு மாதச் சேவை. தாய்மார் எல்லாம் விடிந்ததும் ஜீப் ஏறி கேரட் தோட்டத்துக்குப் போய்விடுவதால் பகலெல்லாம் பிள்ளைக்காம்பராவில் பிள்ளைகளைப் பார்க்க ஆயா பிலோமி அக்கா ஒருத்திதான். லயத்து வீடுகளில் சும்மா இருக்கும் ரிட்டயர் ஆனவர்களைக் கொண்டுவந்து பிள்ளைகளோடு உட்கார வைப்பது இவர்கள் திட்டம். காகிதத்தில் சரியாகத்தான் இருக்கிறது. "எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்" என்று லயம் முழுக்கச் சொன்னோம். ஒரு வாரமாக ஒருவர் வரவில்லை. அப்பாவும் வரவில்லை.

அம்மா போன மூன்று மாதத்தில் அவர் பேசியது "ம்", "வேணாம்" இரண்டும்தான். சுவரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். நீ சொன்னதே சரி. ஜூலை 29 ஞாயிற்றுக்கிழமை வந்து அவரை ஒரேயடியாகத் திருப்பூருக்கு அழைத்துப் போ. பாய்லர் என்றால் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்லிவிடுவேன். சத்தமே போடாத மனிதரை நான் என்ன செய்ய?

தினகரன்

*

திருப்பூர்,
20.6.2001

அன்புத் தம்பிக்கு அக்காவின் ஆசிகள்.

கடிதமா அது? மருந்துச் சீட்டு மாதிரி இருக்கிறது. சாப்பிட்டாயா, சளி விட்டதா, ஒன்றும் இல்லை. அப்பாவுக்கு ஜன்னல் ஓரமாகக் கட்டில் வாங்கிப் போட்டுவிட்டேன். உன் மாமாதான் முழுக்க அலைந்தார். அம்மாவைக் கடைசியாகப் பார்க்க வந்து சேர முடியாதவள் நான். அப்பாவையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. வரச் சொன்னாயே, யாரையாவது பேர் சொல்லிக் கூப்பிட்டாயா? சிலோனிலும் சரி, இங்கே வந்தும் சரி, காலையில் பெரட்டுக்களத்தில் பேர் வாசித்து நிரை பிரித்துக் கொடுக்காமல் அப்பா ஒரு நாளும் வேலைக்குப் போனதில்லை. எப்போது வேண்டுமானாலும் வா என்றால் அவருக்கு அது வராதே என்பது போலத்தான் கேட்டிருக்கும்.

ஸ்வெட்டர் போட்டுக்கொள்.

அக்கா வாசுகி

*

கோத்தகிரி,
2.7.2001, திங்கள், மாலை மணி 5.10.
பெரியவர்கள் ஏழு.

அக்கா,

உன் கடிதம் படித்ததும் எனக்கு என் மேலேயே எரிச்சல். இவ்வளவு சின்ன விஷயம். பழைய தண்டவாளத் துண்டு ஒன்றைப் பிள்ளைக்காம்பரா வாசலில் கட்டித் தொங்கவிட்டேன். காலை 8.15-க்கு அடித்து, லயத்து ஏழு பேர் பேரையும் எழுதிய ரிஜிஸ்டரைப் பார்த்து வாசித்தேன். ஏழு பேரும் தலையில் துண்டோடு வரிசையில் நிற்கிறார்கள். "வடிவேல்" என்றதும் அப்பா "இருக்கேங்க" என்றார், என்னைப் பார்த்து. தேயிலை மலையில் ஆளுக்கு ஒரு நிரை கொடுப்பது போல ஆளுக்கு இரண்டு பிள்ளை பிரித்தேன். அப்பாவுக்குத் தாரிணியும் சக்தியும்.

பேச்சி அத்தை உடனே ஆரம்பித்தாள். "எனக்கு மட்டும் ஓட்டக்காரப் பயலுக ரெண்டா? என் நெரையை மாத்திக் குடுங்க தம்பி."

பக்கத்தில் நின்ற கருப்பம்மா விடவில்லை. "நாவலப்பிட்டியிலயும் நீ இப்படித்தானேடி, தெனமும் நெரைக்குச் சண்ட."

கிப்ரோனோ வேலியோரச் செடியில் நாலு கொழுந்து கிள்ளிக் காட்டினான். அவன் அம்மாவும் அங்கே தேயிலை எடுப்பவளாம். பேச்சி அத்தை அவன் விரலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கொழுந்து பழகின கை" என்றாள். அவர்கள் ஊர்த் தேயிலைதான் நம் விலையை இறக்கியது என்று மேனேஜர் சொல்வதை நான் அவளிடம் சொல்லவில்லை.

இனி என் தப்பு. பதினொன்றரைக்குப் பெரியவர்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். நான் பாய்லர் பார்க்கப் போய் மறந்துவிட்டேன். ஹன்னே கையை ஆட்டி ஆட்டிப் போகச் சொல்லியிருக்கிறாள், ஒருவரும் எழவில்லை. மூன்றரைக்கு வந்து பார்த்தால் பிள்ளைகள் கஞ்சி குடித்துவிட்டு அவர்கள் மடியில் தூங்குகின்றன. ஏழு பேரும் பட்டினி.

அப்பா தாரிணியைப் பாயில் கிடத்திவிட்டு எழுந்தார். "பெரட்டு எடுத்தவன்தானடா வேல முடிஞ்சிருச்சுன்னு சொல்லணும். ஒன்ன எவன் மெஷினுக்குப் படிக்க வச்சது?"

அவர்தான் படிக்க வைத்தார். அக்கா, அம்மா போனபிறகு முதல் திட்டு. கேட்க நன்றாக இருந்தது.

தினகரன்

*

திருப்பூர் பழைய பஸ் ஸ்டாண்ட்,
6.8.2001

தம்பி,

இதை அப்பா கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஜன்னல் சீட்டில் உட்கார வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் வந்தபோது மறுபேச்சில்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாரே, மனசு மாறிவிட்டார் என்று நினைத்தேன். ஒரு வாரம் நன்றாகச் சாப்பிட்டார், சிரித்தார், பனியன் கம்பெனியைக்கூடப் போய்ப் பார்த்தார். நேற்று ராத்திரி துணியை மடிக்கிறார். "எங்கப்பா?" என்றேன். "நாளையோட லீவு முடியுது புள்ள. எட்டு நாள்தான் எழுதியிருக்கு. தினகரன் கையெழுத்துப் போட்டிருக்கான்." சாதாரணமாகச் சொன்னார், எனக்குத் தெரியும் என்று நினைத்து.

அவர் மேல் வருத்தமில்லை. அந்த இரண்டு பிள்ளைகளின் பேரைச் சொல்லும்போது முகத்தைப் பார்த்தேன். உன் மேல்தான் வருத்தம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பக்கத்து வீட்டில் எல்லாம் இனி அப்பா எங்களோடுதான் என்று சொல்லி வைத்திருந்தேன். பேர் வாசிக்கச் சொல்லிக் கொடுத்தவளும் நான்தான், பார்த்தாயா.

கட்டிலை மடக்கி வைத்துவிட்டேன். டிரைவர் வந்துவிட்டார்.

வாசுகி

*

கோத்தகிரி,
7.8.2001, செவ்வாய், காலை மணி 8.30.
பெரியவர்கள் ஏழு, அப்பாவையும் சேர்த்து.

அக்கா,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தப்பு என்னுடையது. நீ வருவதற்கு முதல் நாள் சாயங்காலம் அவர் ரிஜிஸ்டரை விரித்து, "எட்டு நாள்னு எழுது" என்றார். எழுதினேன். உன்னிடம் சொன்னால் அழுவாய், அழுதால் எனக்கு என்ன சொல்வதென்று தெரியாது. அதனால் வாயை மூடிக்கொண்டேன். வேறு காரணம் இல்லை.

அவர் இல்லாத நாளெல்லாம் "வடிவேல்" என்று வாசித்ததும் தாரிணி முன்னால் வந்து "லீவு" என்று கத்தினாள். இன்று காலை அப்பா "இருக்கேங்க" என்றதும் அவள் ஓடிவந்து அவர் காலில் அடித்த அடியில் வேட்டி அவிழப் பார்த்தது. மாணவர்கள் சனிக்கிழமை கிளம்புகிறார்கள். பேர் வாசிப்பது நிற்காது என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். நிறுத்தினால் பேச்சி அத்தை என்னை உயிரோடு விடமாட்டாள்.

இனி நான் செய்யப் போவது:

1. ஃபேக்டரி ஓடினாலும் ஓடாவிட்டாலும் 8.15-க்கு மணி.
2. பதினொன்றரைக்கு முடிந்தது என்று சொல்லிவிட்டுத்தான் பாய்லர்.
3. அப்பாவுக்குத் தீபாவளிக்குப் பத்து நாள் லீவு. எழுதியாயிற்று. அவரும் சம்மதம்.
4. இனி அவர் லீவு எதுவானாலும் முதலில் உனக்குக் கடிதம், அப்புறம்தான் ரிஜிஸ்டர்.
5. வரும் ஞாயிறு நான் வருகிறேன். நீ திட்ட வேண்டியதை நேரில் திட்டு. கட்டிலை விரித்துப் போட்டு வை, மறுபடி மடக்காதே.

தினகரன்