பெங்களூர் வரை போன சேதி

இன்று திண்டிவனம் ஆபீஸில், ஊருக்கு ஊர் நெட் லைனுக்கு வழி காட்டும் ரவுட்டர் பெட்டியின் கதவைத் திறந்ததும் சூடான தூசி வாசனை முகத்தில் அடித்தது. வேலை முடிந்து வரும்போது உன் சட்டையில் இருக்கும் அதே வாசனை. ஒயரில் 'விழுப்புரம்' என்று நீ எழுதி ஒட்டிய சீட்டு இன்னும் இருக்கிறது. உன் மேல் எனக்குக் கோபம்தான். நேரில் வந்து கோபப்படலாம் என்றால் நீ எங்கே இருக்கிறாய் என்று தெரியவில்லை.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நாம் போட்ட சண்டை நினைவிருக்கிறதா? ரவுட்டர்கள் தாமாகவே ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ளும், நடுவில் ஆளே வேண்டாம் என்றேன் நான். நீ சிரித்தாய். எந்த ரவுட்டரும் ஊரை நேரில் பார்ப்பதில்லை, பக்கத்து ரவுட்டர் சொன்னதைத்தான் நம்புகிறது என்றாய். விழுப்புரத்திலிருந்து திருவெண்ணெய்நல்லூர் போகும் லைன் அறுந்தால், திண்டிவனம் 'எனக்கு வழி தெரியும், இரண்டு கட்டம் தாண்டினால் போதும்' என்று சொல்லும். அது விழுப்புரமே முன்பு கொடுத்த பழைய சேதி. விழுப்புரம் அதை நம்பி 'அப்படியானால் எனக்கு மூன்று' என்னும். உடனே திண்டிவனம் 'எனக்கு நான்கு' என்னும். "ஊரு தள்ளிப் போய்க்கினே இருக்கும், ரெண்டும் நம்பிக்கினே இருக்கும். ஒரே பேஜாரு," என்றாய். மருந்தும் நீயே சொன்னாய்: யார் சொல்லிக் கேட்டோமோ அவரிடமே அதைத் திருப்பிச் சொல்லக் கூடாது, பதினைந்தைத் தாண்டினால் வழியே இல்லை என்று விட்டுவிட வேண்டும்.

பிறகு ஒரு காலையில், திருவெண்ணெய்நல்லூர் போய் வருவதாக மயிலத்தில் வீட்டு வாசலில் உன் மனைவியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாய். திரும்பி வரவில்லை. போனும் அணைந்துவிட்டது.

உன் மைத்துனன் விழுப்புரத்திலிருந்து பேசினான். "அண்ணா, மாமாவ திருவெண்ணெய்நல்லூர்ல பாத்தாங்களாம்." அப்படியானால் திருவண்ணாமலைக்கு பஸ் ஏறியிருப்பான் என்றேன். சில நாளில் அவனே, "திருவண்ணாமலைல இருந்தாராம்ணா," என்றான். அங்கிருந்து பெங்களூர்தான் போயிருப்பான் என்றேன். பெங்களூரில் இருப்பதாகவே சேதி வந்தது. இருவரும் உன் போட்டோவை வைத்துக்கொண்டு அங்கே தெருத்தெருவாக அலைந்தோம். திரும்பும் பஸ்ஸில்தான் கேட்டேன், பெங்களூர் என்று யார் சொன்னது என்று.

"நீங்கதானண்ணா சொன்னீங்க."

ஒவ்வொரு சேதியாகப் பின்னோக்கிக் கேட்டுக்கொண்டே வந்தோம். உன்னை யாருமே பார்க்கவில்லை. முதல் சேதி, வாசலில் நீ உன் மனைவியிடம் சொன்னதுதான்.

மயிலத்துக்குப் போய் அவளிடம் சொன்னேன். "யாரும் பாக்கலமா. நாங்களே மாத்தி மாத்திச் சொல்லிக்கினு இருந்தோம்."

"சரிங்கண்ணா," என்று உள்ளே போய்விட்டாள்.

இன்று இந்தப் பெட்டி முன்னால் நிற்கும்போது மைத்துனன் மறுபடியும் பேசினான். "அண்ணா, மாமா மைசூர்ல இருக்காராம். அக்கா சொல்லுது."

நீ வரமாட்டாய் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. யார் பார்த்தது என்று அவனைக் கேட்கவில்லை. "அப்படியா," என்று மட்டும் சொன்னேன். அதற்குள் மைசூருக்கு அப்பால் எந்த ஊர் என்று மனசு ஓடிவிட்டது. தோன்றிய பெயரை வாய்விட்டுச் சொல்லவில்லை. என்னிடமே வைத்திருக்கிறேன்.