ஒருவருடைய வாசலும் இல்லாத ஊர்

வுப்பர்டால்
8 மார்ச் 2026

அன்புள்ள அண்ணாவுக்கு,

உறையின் பின்பக்கம் என் பெயரைப் பார்த்த பிறகும் இதைத் திறந்திருக்கிறீர்கள் என்றால் எனக்கு அதுவே பெரிய ஆறுதல். போனில் என் இலக்கத்தைக் கண்டால் நீங்கள் எடுப்பதில்லை. அண்ணி எடுத்தாலும், நீங்கள் பக்கத்தில் இருந்தால் "பிறகு கதைக்கிறன்" என்று வைத்துவிடுகிறார். அதனால்தான் கடிதம்.

நான் சுகம், களைப்பைத் தவிர. முதியோர் இல்லத்தில் ஆட்கள் போதாது. காலையில் பன்னிரண்டு பேரைக் கழுவித் துடைத்து உடுப்பு மாற்றிவிட்டு வீட்டுக்கு வந்தால், அப்பாவின் சட்டைப் பொத்தானைப் போட என் விரல்கள் மடங்குவதில்லை. மற்றவர்களுடைய அப்பாக்களுக்கே பொறுமை முழுக்கச் செலவாகிவிடுகிறது. எங்கள் அப்பாவுக்குக் கிடைப்பது மிச்சம்தான். அவரும் அதைக் குறை சொல்வதில்லை. சொன்னால் நல்லது என்றுகூடச் சில நாட்களில் நினைக்கிறேன்.

அவரைப் பற்றித்தான் எழுத வந்தேன். இதயத்தில் ஒரு வால்வு ஒடுங்கிவிட்டது. எங்கள் வீடு இரண்டாம் மாடியில். ஏறும்போது மூன்று தரம் நிற்கிறார். "ஜன்னலால வெளியில பாக்கிறன், நீ போ" என்கிறார். அந்தப் படிக்கட்டில் ஜன்னலே இல்லை. மே 27ஆம் திகதி ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லி டெர்மின் தந்திருக்கிறார்கள். தொடை வழியாகக் குழாய் விட்டுப் புது வால்வு வைப்பார்களாம். எண்பத்தொரு வயதில் இது எப்படிப் போகும் என்று டொக்டரைக் கேட்டேன். ஆபத்து இத்தனை சதவீதம் என்று அவர் ஒரு கணக்குச் சொன்னார். அதை நான் என் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. அதற்கு முன்பு காரில் நாலு மணி நேரம் கூட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்டேன். இடையிடையே நிறுத்தி, மெதுவாகப் போகச் சொன்னார்.

மே 16, 17, சனியும் ஞாயிறும், நாங்கள் ரைம்ஸ் நகரத்துக்குப் போகிறோம். நாங்கள் அப்படித்தான் சொல்கிறோம். நீங்கள் அங்கே ரான்ஸ் என்பீர்கள். ஷம்பெயின் செய்கிற ஊர். தெரிவு செய்தது கம்சனா. ஆஹெனில் படிக்கிறவள், சனி ஞாயிறுக்கு வீட்டுக்கு வந்தபோது வரைபடத்தை விரித்து, "அம்மா, எங்கட வீட்டில இருந்து மாமா வீட்டுக்கு ஒரு கோடு கீறுங்கோ, அதில ஒரு நல்ல ஊரா எடுப்பம்" என்றாள். நடுவில் என்று சொல்ல முடியாது. எங்களுக்குக் காரில் நாலு மணி நேரம், உங்களுக்குப் பாரிஸிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம். பரவாயில்லை. பிழை எங்கள் பக்கம் கூட என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு ஊரின் பெயரைச் சொன்னதும், "போத்தலில அடைச்ச கள்ளுக் குடிக்க எல்லை தாண்டிப் போறதோ பிள்ளை?" என்று கேட்டார். நிலத்துக்குக் கீழே மைல் கணக்கில் சுரங்கங்கள் இருக்கின்றன, அங்கேதான் போத்தல்களை வருடக்கணக்கில் கிடத்தி வைக்கிறார்கள் என்று கம்சனா சொன்னாள். அதற்கு நூறு படிக்கு மேல் இறங்க வேண்டும். அப்பாவால் ஏலாது. எனவே ஞாயிறு காலை இவரும் கம்சனாவும் சுரங்கம் பார்க்கப் போவார்கள். அப்பாவும் நானும் ஹோட்டலின் கீழ்த்தளச் சாப்பாட்டறையில் இருப்போம். பத்து மணிக்கு.

ஏன் உங்கள் வீடு இல்லை, ஏன் எங்கள் வீடு இல்லை என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள். "இனி உன்ர வாசல் மிதியன்" என்று நீங்கள் சொன்னது ஏழு வருடமாக என் காதில் இருக்கிறது. அதற்கு இவர் போனைப் பறித்து, "எங்கட வீட்டு ஆக்களும் உங்கட வாசலுக்கு வராயினம்" என்று சொன்னதும் இருக்கிறது. அப்பா அப்போது சோபாவில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். லாகூர்நேவுக்கு, உங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று நான் எத்தனையோ தரம் கேட்டேன். "நான் இருக்கிற வீட்டுக்காரன் சொன்ன சொல்லு, நான் எப்பிடி மீறுறது?" என்பார்.

இந்த முறை இவரிடம் நேரே கேட்டேன், ஹோட்டல் யாருடைய வாசல் என்று. லாகரில், அந்தச் சாமான் கிடங்கில், வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தவர், ஒரு சப்பாத்தோடு அப்படியே இருந்து யோசித்தார். "ஹோட்டல் ஒருத்தற்ற வாசலும் இல்லை" என்றார். எனக்கு உயிர் வந்தது. பிறகு, "ஆனா றூமை என்ர பேரில போட்டா அது என்ர வாசல் மாதிரித்தானே? உன்ர அண்ணர் அதுக்கும் வெளியில நிண்டிடுவார், அந்தாள் சட்டம் பேசுறதில கெட்டிக்காரன்" என்றார். அதனால்தான் அறை வேண்டாம், சாப்பாட்டறை. அங்கே எல்லோரும் வந்து போகிறார்கள். சிரிக்காதீர்கள் அண்ணா. சிரித்தாலும் நல்லதுதான்.

இனி நான் எழுதப் பயந்துகொண்டிருந்த விஷயம். ஏழு வருடத்துக்கு முன்பு கம்சனா பெரியபிள்ளையானபோது வைத்த சாமத்தியவீட்டுக்கு நான் உங்களுக்குச் சொல்லவில்லை. குடும்பக் குழுவில் கார்ட்டைப் போட்டேன், எல்லோருக்கும் போட்டது போல. இவருடைய ஆட்களுக்கு ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னேன், விட்டால் குறை பிடிப்பார்கள் என்று. உங்களுக்கு ஏன் சொல்ல வேண்டும், அண்ணா எங்கள் வீட்டுக்காரன், விழாவை நடத்துகிறவன், அவனுக்கு அழைப்பு எதற்கு என்று நினைத்தேன். நான் எடுத்துச் சொல்வேன் என்று நீங்கள் போனைப் பார்த்துக்கொண்டு இருந்தீர்கள் என்று அண்ணி பிறகு சொன்னார். முதல் தண்ணீர் வார்க்க வேண்டிய தாய்மாமனுடைய இடத்தில் வேறு ஒருவரை நிறுத்தினோம். வீடியோவில் அந்த இடம் வரும்போது நான் குசினிக்குப் போய்விடுவேன்.

ஆகவே இப்போது முறையாகச் சொல்கிறேன். மே 17, ஞாயிறு, காலை பத்து மணி. நீங்களும் அண்ணியும் கட்டாயம் வர வேண்டும். ஹோட்டலின் விலாசம் தனித் தாளில் இருக்கிறது.

உங்கள் பதிலுக்காகத் தபால் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
தங்கை தேவமலர்


வுப்பர்டால்
19 ஏப்ரல் 2026

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் எழுதவில்லை. நீங்கள் வேலைக்குப் போன நேரம் அண்ணி எடுத்தார். கடிதத்தை இரண்டு தரம் வாசித்தீர்களாம். மடித்துச் சட்டைப் பையில் வைத்தீர்களாம். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டீர்களாம்: "எல்லாம் அவளே எழுதியிருக்கிறாள். அப்பா வரச் சொல்லி ஒரு வார்த்தை சொன்னவரோ?"

நியாயமான கேள்விதான். எனக்குக் கோபம் வரவில்லை; களைப்புத்தான் வந்தது. ஒரு கதவைத் திறந்தால் அதற்குள் இன்னொரு கதவு.

அப்பாவிடம் போனேன். அண்ணாவுக்கு ஒருக்கா எடுத்து வரச் சொல்லுங்கோ, நான் இலக்கத்தை அழுத்தித் தாறன் என்று கேட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "பெத்த பிள்ளைக்குச் சொல்லிக் கூப்பிடுறதோ? அவன் என்ன பிறத்தியே?" என்றார்.

அண்ணா, அது நான் ஏழு வருடத்துக்கு முன்பு நினைத்த அதே நினைப்பு. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அதை எங்கே கற்றேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பிறத்தியாருக்கு வாசல் வரை போய்ச் சொல்கிறோம். சொந்தம் என்றால் தானாகத் தெரிய வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டு இருக்கிறோம். அவர் கூப்பிடாதது உங்களைத் தள்ளி வைத்ததால் இல்லை. நீங்கள் அப்படி நினைத்தால் நான் குற்றம் சொல்லமாட்டேன். நீங்களும் அவருடைய மகன்தானே, நீங்களும் ஏழு வருடம் ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்துவிட்டீர்கள்.

நான் அவரோடு வாதாடவில்லை. வேலையில் பிடிவாதக்காரர்களை நிறையப் பார்க்கிறேன். சாப்பாட்டை வைத்துவிட்டு விலகினால்தான் சாப்பிடுவார்கள். மூன்று நாள் அந்தக் கதையையே நான் எடுக்கவில்லை. நாலாம் நாள் தலைமயிர் வெட்ட வேண்டும் என்றார். மே மாதம் வரைக்கும் இருக்கிறதே, இப்போது வெட்டினால் திரும்ப வளர்ந்துவிடும் என்றேன். "அப்ப திரும்ப வெட்டுவம்" என்றார். ரான்ஸில் காலையில் குளிருமா என்று கம்சனாவைப் போனில் கேட்டிருக்கிறார். ரைம்ஸ் என்று சொல்லவில்லையாம். நீங்கள் சொல்கிற மாதிரி, ரான்ஸ் என்றுதான் சொன்னாராம்.

நேற்றுப் படிக்கட்டில் நாலு தரம் நின்றார். டொக்டர் சொன்ன அந்தச் சதவீதத்தை உங்களுக்கு எழுதலாம் என்று பேனையை எடுத்தேன். எழுதவில்லை. அதைப் பார்த்து நீங்கள் வருவதை நான் விரும்பவில்லை.

இதை எழுதும்போது அப்பா எதிர்க் கதிரையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறார். ஆருக்கு எழுதுகிறாய் என்று கேட்டார். சொன்னேன். கோப்பையை மேசையில் வைத்தார். பிறகு சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதுகிறேன்:

"நான் அவனைக் கூப்பிடேல்லை எண்டு எழுது. ஆனா நான் பத்து மணிக்கு அங்க இருப்பன் எண்டும் எழுது."

சாப்பாட்டறையைப் பத்தரைக்குப் பூட்டுவார்களாம். அதற்குப் பிறகும் அவர் அந்தக் கதிரையை விட்டு எழும்பமாட்டார், எனக்குத் தெரியும். நான் அந்த ஆட்களிடம் என்ன சொல்வது அண்ணா? எனக்குப் பிரெஞ்சு தெரியாது.

அண்ணிக்கும் உங்களுக்கும் எந்தக் குறையும் வரக்கூடாது என்று வேண்டிக்கொள்ளும்,
தேவமலர்